மலைக்கள்ளன் கையில் மெஷின்கன் எதற்கு?

கம்பெனியில் ஆணி அதிகம். ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் தலை காட்ட முடியவில்லை. ஏன் காட்டவில்லை என்று யாரும் தந்தி அடித்து விசாரிக்கவும் இல்லை, அது வேறு விஷயம் :-) இன்று எழுத உட்கார வைத்தது கோபம். கோபம் வந்தால் எனக்கு ரெண்டே வழி. ஒன்று தங்கமணியிடம் கத்துவது, இன்னொன்று இங்கே எழுதுவது. முதல் வழியில் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

விஷயம் இதுதான். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அம்பையிலிருந்து அம்பர்நாத் வரை ரெண்டு நாள் ரயில், முறுக்கு டின், மாங்காய் வத்தல், மூட்டு வலித் தைலம் சகிதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் இருந்த அதிசயத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஜூனியர் ரிமோட்டைப் பிடுங்கி 'ஜுவல் தீஃப்' போட்டான். தேவ் ஆனந்த் நடித்த 1967 படம் என்று நினைத்து நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நம்ம வைஜயந்திமாலா வேறு உண்டே! போட்டது அது இல்லை. 2025 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, சைஃப் அலி கான் நடித்தது. கதைக்கும் பழைய படத்துக்கும் சம்பந்தம் கிடையாது, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். (தலைப்பே திருட்டு. அந்த வகையில் பொருத்தம்தான்.)

கொஞ்ச நேரம் போயிருக்கும். அடி, உதை, ரத்தம். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"ஏல, இவன் களவாணியா, ரவுடியா?"

ஜூனியர் சொன்னான், "ஆச்சி, இவன் ஜென்டில்மேன் தீஃப்."

"அப்படின்னா?"

"கோட்டு போட்டிருக்கான்ல!"

அவ்வளவுதான். இன்றைக்கு மும்பையில் கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கும், அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களுக்கும் 'கண்ணியமான திருடன்' என்றால் என்ன என்பதற்கு இருக்கிற ஒரே விளக்கம் என் பையன் சொன்னதுதான். கோட்டு. அதற்குள் சிக்ஸ்பேக். கையில் துப்பாக்கி. பழைய பாத்திரத்தை 'இன்றைய ரசிகனுக்காக' புதுப்பிக்கிறார்களாம்! புதுப்பிக்கவில்லை ஐயா, கழற்றுகிறார்கள். உள்ளே இருந்த மனுஷனை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு சட்டையை மட்டும் ஹேங்கரில் மாட்டி வைக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது? அவர்கள் வேறு ஒரு களவாணியைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஊருக்கு வெளியே இருந்த கொட்டகையில், மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து, நாலைந்து தடவை பார்த்த 'மலைக்கள்ளன்'.

1954-ல் வந்த படம். கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையுடையது. உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டு எழுதிய அதே காந்தியவாதிதான் ஒரு திருடனை நாயகனாக வைத்து நாவல் எழுதினார். வசனம் கலைஞர் கருணாநிதி. காங்கிரஸ்காரர் கதைக்குத் தி.மு.க.காரர் வசனம், நடிப்பு எம்.ஜி.ஆர். (இன்றைக்கு இப்படி ஒரு கூட்டணி அமைந்தால் டிவிக்காரர்கள் ஒரு வாரம் விவாதம் நடத்துவார்கள்.) கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஆறு மொழிகளில் அதே கதை படமானது. 'பான் இந்தியா' என்று இப்போது போஸ்டரில் போட்டுப் பீற்றிக்கொள்கிறார்களே, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் கடல் தாண்டி இலங்கை வரைக்கும் போய்விட்டு வந்த பாதை அது.

அந்த மலைக்கள்ளனிடம் என்ன இருந்தது? கத்திச் சண்டை உண்டு, குதிரை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய பெரிய ஆயுதம் வேஷம். ஊருக்குள் அவன் அப்துல் ரகீம் என்ற வியாபாரி. மரியாதைப்பட்ட மனுஷர். போலீஸ்காரரே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற பெரிய மனுஷர். மலைக்குப் போனால் கள்ளன். இருக்கிறவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன். கடத்தப்பட்ட பெண்ணைக் காப்பாற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். பானுமதி சும்மாவே யாருக்கும் அடங்காத ஆள், அவர் எதிரே நின்று மரியாதையாகப் பேசுகிறான். கண்ணியம் என்பது அங்கேதான் இருக்கிறது, தையல்காரனிடம் இல்லை.

ஒரு நிமிஷம் அந்த அப்துல் ரகீமை நினைத்துப் பாருங்கள். 1954. பிரிவினை முடிந்து ஏழே வருஷம். ஒரு வெகுஜன சினிமாவில் கதாநாயகன் ஊரின் நம்பிக்கைக்குரிய ஆளாக வேஷம் போட வேண்டும் என்றால் ஒரு முஸ்லிம் வியாபாரியாக வருகிறான். ஜனங்கள் விசில் அடித்தார்கள். மறுவருஷமே அதே நாயுடு அதை இந்தியில் 'ஆசாத்' என்று எடுத்தார். திலீப் குமார், மீனா குமாரி. அதில் திலீப் கான் சாகிப் வேஷத்தில் வருவார். யூசுஃப் கான் என்ற மனுஷர் திலீப் குமார் என்று பெயர் வைத்துக்கொண்டு, இந்துப் பாத்திரத்தில் நடித்து, அந்தப் பாத்திரம் முஸ்லிமாக வேஷம் போடுகிறது! வெங்காயம் உரிக்கிற மாதிரி. அந்தப் படத்துக்கு அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

இன்றைக்கு ஒரு இயக்குநர் மலைக்கள்ளனைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பினால் முதலில் எதை வெட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? நான் பந்தயம் கட்டுகிறேன், அப்துல் ரகீம்தான் முதல் வெட்டு. 'எதுக்கு சார் வம்பு' என்பார்கள். இல்லையென்றால் அந்தத் தாடியையும் தொப்பியையும் அப்படியே எடுத்து வில்லனுக்கு மாட்டிவிடுவார்கள். இப்போதைய ஆக்‌ஷன் படங்களில் அந்த உடை எந்தப் பக்கம் நிற்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், டக்கென்று சொல்வார்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்த ஜனங்களுக்கு இருந்த நெஞ்சு, ஏசி மல்டிபிளெக்ஸில் முன்னூறு ரூபாய் பாப்கார்ன் தின்கிற நமக்கு இல்லை என்று முடிவு கட்டியது யார்?

நிற்க. 'திருடனை என்னய்யா இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறாய்' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹார்னங் என்பவர் 1890-களின் கடைசியில் ராஃபிள்ஸ் என்ற கனவான் திருடனை உருவாக்கினார். பகலில் கிரிக்கெட், ராத்திரி களவு. ஹார்னங்கின் மைத்துனர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில்! குற்றவாளியைக் கதாநாயகன் ஆக்காதே என்று மச்சானுக்குப் புத்தி சொன்னவர். பிறகு 1905-ல் பிரான்ஸில் மோரிஸ் லெப்லான் ஆர்சென் லூப்பின் என்று ஒருத்தனைக் கொண்டுவந்தார். லூப்பினுக்குக் கொலை பிடிக்காது. பொருள் போகும், மானம் போகும், உயிர் போகக்கூடாது. இந்த இனத்தின் எழுதாத சட்டமே அதுதான்.

டாயில் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். ஏனென்றால் நான் ஒரு கனவான் திருடனிடம் நேரில் மாட்டியவன்.

1998. மும்பைக்கு வந்த புதுசு. தாராவியில் சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டு, பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். செம்பூரில் ஒரு ஆபீஸ். உள்ளே ஒருத்தர். வெள்ளைச் சட்டை, டை, சந்தன வாசனை. ஆங்கிலம் பொழிந்தார், என் சர்டிபிகேட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "தம்பி, நம்ம பக்கமா நீங்க? சாப்பிட்டீங்களா?" என்றார். ஊரை விட்டு வந்த பிறகு சித்தியைத் தவிர யாரும் கேட்காத கேள்வி. டீ வரவழைத்துக் கொடுத்தார். வளைகுடா வேலை, டெபாசிட் நாலாயிரம். அப்பா நெல் வித்துக் கொடுத்த பணம். ரசீதில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். திங்கள்கிழமை வரச் சொன்னார். போனேன். பூட்டு. படிக்கட்டு முழுக்க என்னைப் போல முப்பது பேர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட்டோடு. பிஹாரி பையன் ஒருத்தன் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான். அதற்கப்புறம் ரெண்டு மாசம் ஊருக்கு போனே போடவில்லை நான்.

அவரிடம் துப்பாக்கி இல்லை. கோட்டு இருந்தது. என்ன கண்ணியம்!

அதனால்தான் 'ஸ்பெஷல் 26' பார்த்தபோது எனக்குத் தியேட்டரில் கைதட்ட வரவில்லை. 2013-ல் அக்‌ஷய் குமார் நடித்து வந்த படம், ஆதாரம் நிஜச் சம்பவம். 1987 மார்ச்சில் மோன் சிங் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருத்தர், புலனாய்வு வேலைக்குத் துடிப்பான பட்டதாரிகள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். தாஜ் ஹோட்டலில் வைத்து நேர்முகத் தேர்வு. 26 பேரைப் பொறுக்கி எடுத்து, பஸ்ஸில் ஏற்றி, ஆபரா ஹவுஸில் இருந்த திரிபுவன்தாஸ் பீம்ஜி ஜவேரி நகைக்கடைக்குக் கூட்டிப்போய் சிபிஐ ரெய்டு என்றார். நகையை அள்ளிக்கொண்டு நடந்தே வெளியே போய்விட்டார். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு கன்னத்தில் அறை விழவில்லை. ஆள் பிடிபடவே இல்லை.

மூளை என்று பார்த்தால் சல்யூட்தான். ஆனால் எனக்கு அந்த 26 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர்கள். வீட்டில் சொல்லியிருப்பார்கள், சாமிக்கு விளக்கு ஏற்றியிருப்பார்கள். சாயங்காலம் போலீஸிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். படத்தின் தலைப்பே அவர்கள்தான், படத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் இடம்.

இதையே விக்னேஷ் சிவன் 2018-ல் 'தானா சேர்ந்த கூட்டம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார், சூர்யா. அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள், கவனித்தீர்களா? லஞ்சம் கொடுக்க முடியாமல் வேலை கிடைக்காத கோபத்தை நாயகனுக்குக் கொடுத்தார்கள். இந்தித் திருடன் சும்மா கெட்டிக்காரன். தமிழ்த் திருடனுக்கு ஒரு காரணம் இல்லாமல் நம்மால் விசில் அடிக்க முடியாது. ஷங்கரின் 'ஜென்டில்மேன்' (1993) முதலே அப்படித்தான். பகலில் அப்பளம் போடுகிற கிச்சா ராத்திரி கொள்ளையடிப்பது காசில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்ட. அந்தப் படத்தின் அரசியலில் எனக்குப் பல சண்டைகள் உண்டு, அது தனிப் பதிவு. ஆனாலும் அப்பளக் கட்டையில் ஒளிந்த திருடன் என்ற யோசனை இருக்கிறதே, அது நம்ம மண்ணிலிருந்து வந்தது. மிலானில் தைத்த கோட்டிலிருந்து வரவில்லை.

சிலர் இந்தக் 'காரணம் சொல்லும்' பழக்கத்தைக் கிண்டல் செய்கிறார்கள். தமிழ் சினிமா மெசேஜ் சொல்லியே கழுத்தறுக்கும் என்று. உண்மைதான், அறுக்கும். ஆனால் யாரிடம் எடுக்கிறாய், யார் படிக்கட்டில் நிற்கப்போகிறார்கள் என்ற கணக்கைத் திருடன் போட வேண்டும் என்று ஒரு ஜனம் எதிர்பார்க்கிறது என்றால், அது பட்டிக்காட்டுத்தனம் இல்லை. படிக்கட்டில் நின்றவன் சொல்கிறேன்.

இப்போது இந்த நவீன ஆக்‌ஷன் அவதாரங்களுக்கு வருகிறேன். 'தூம்' வரிசையில் (2004, 2006, 2013) திருடன் பைக்கில் பறந்தான், சரி, பார்க்க ஜாலியாக இருந்தது. 2006 படத்தில் ஹ்ரித்திக் போட்ட வேஷங்களில் கொஞ்சம் பழைய வாசனை இருந்தது. அப்புறம் வேஷம் குறைந்து வெடி கூடியது. தமிழில் 'மங்காத்தா' (2011). மும்பையில் நடக்கிற கதை, தாராவி, கிரிக்கெட் சூதாட்டப் பணம். அஜித் சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரர். நானும் விசில் அடித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் தன்னைக் கண்ணியமானது என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் கெட்டவன்தான்டா என்று நேராகச் சொல்லிவிட்டுச் சுட்டது. எனக்கு எரிச்சல், கெட்டவனுக்கு நல்லவன் பெயரை ஒட்டி விற்பதில்தான்.

இந்தப் படங்களில் பெட்டகத்துக்கு வெளியே நிற்கிற காவலாளிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கதாநாயகன் உள்ளே நுழையும்போது வரிசையாக விழுவார்கள். கழுத்து முறிக்கும் சத்தம், அடுத்த ஷாட். பெயர் கிடையாது, முகம் கிடையாது. அந்த மனுஷன் யார்? மும்பையில் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா? உத்தரப் பிரதேசத்துக்காரர், நேபாளி, ஒடியாக்காரர், நம்ம ஊர்க்காரர். என் சித்தப்பா பதினாலு வருஷம் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, ஒரு ஸ்டூல், ஒரு டார்ச், ஒரு லத்தி. ஹீரோ ஸ்டைலாகக் கழுத்தைத் திருகும்போதெல்லாம் அவருடைய மஃப்ளர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. லூப்பின் அந்த வாட்ச்மேனைத் தூங்க வைத்திருப்பான். மலைக்கள்ளன் அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று விசாரித்திருப்பான்.

'காலம் மாறிவிட்டது, சிசிடிவி காலத்தில் தாடி ஒட்டினால் நம்புவார்களா' என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். நம்புவார்கள். 2021-ல் பிரெஞ்சுக்காரர்களே 'லூப்பின்' என்ற தொடரில் செய்து காட்டினார்கள். பழைய லூப்பினை அப்படியே எடுக்கவில்லை. செனகலிலிருந்து பிழைக்க வந்த ஒரு டிரைவரின் மகன், லூப்பின் கதை படித்து வளர்ந்தவன். அப்பா மேல் நெக்லஸ் திருட்டுப் பழி போட்டவர்களைப் பழிவாங்குகிறான். லூவர் மியூசியத்துக்குள் அவன் எப்படிப் போகிறான்? துடைப்பம் தூக்குகிற துப்புரவுத் தொழிலாளியாக. துடைக்கிறவன் முகத்தை அந்த ஊரில் யாரும் பார்ப்பதில்லை, அதுதான் அவனுடைய வேஷம்! ஓமர் சீ அந்த ஆளாகவே வாழ்ந்திருப்பார். புதுப்பிப்பது என்றால் இது. பழைய பாத்திரத்துக்கு இன்றைய காயம் ஒன்றைக் கொடுப்பது.

நமக்கு அந்தக் காயத்துக்குப் பஞ்சமா? விடிகாலையில் தாராவியிலிருந்து கிளம்பும் இட்லிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் அலுமினியப் பாத்திரம், கையில் சட்னி வாளி, பாம் பாம் ஹாரன். எந்தக் கட்டடத்துக்குள்ளும் போவார், எந்த வாட்ச்மேனும் நிறுத்த மாட்டார், எந்தப் பணக்காரனுக்கும் அவர் முகம் ஞாபகம் இருக்காது. எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான். அவரைவிட ஒரு மலைக்கள்ளன் வேண்டுமா இந்த ஊருக்கு? மராத்தி, இந்தி, குஜராத்தி, தமிழ் நாலும் பேசுவார். ஒரு ஏமாற்று பில்டரின் பதினெட்டாவது மாடிக்கு அவர் இட்லியோடு ஏறுகிறார் என்று முதல் காட்சியை வையுங்கள். மிச்சக் கதையை நானே இலவசமாகச் சொல்கிறேன்.

ஆனால் மும்பைத் தமிழன் என்றால் சினிமாக்காரர்களுக்கு ஒரே அச்சுதான். வரதராஜ முதலியாரை வைத்து 'நாயகன்' (1987), அதற்கு இந்தியில் 'தயாவான்', பனைக்குளத்து ஹாஜி மஸ்தானின் சாயலில் இந்தியில் ஒன்று, 'தலைவா', 'காலா'. இதில் நல்ல படங்களும் உண்டு, 'நாயகன்' எத்தனை தடவை பார்த்தேன் என்று தங்கமணிக்குத் தெரியும். இருந்தாலும் என் பையனிடம் ஸ்கூலில் ஒருத்தன் 'நீ தாராவியா, உங்க அங்கிள் டானா?' என்று கேட்டிருக்கிறான். நாங்கள் இருப்பதோ அம்பர்நாத்தில். கொலாபாவில் ஒருவனுக்கு இது மும்பையே இல்லை, ஏதோ ஆயிரம் வருஷத்துச் சிவன் கோவில் இருக்கிற வெளியூர். ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதைதான் எங்களுக்கு. மும்பைக்காரனுக்கு மதராஸி, ஊருக்குப் போனால் பம்பாய்க்காரன். எந்த இடத்தில் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று லோக்கல் டிரெயினில் ஏறும்போதே மாற்றிக்கொள்கிறோம். ஷேர் ஆட்டோவில் மராத்தி, ஆபீஸில் ஆங்கிலம், மளிகைக்கடையில் இந்தி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தமிழ். வேஷம் போடுகிற நாயகனை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளப் போகிறவர் யார்? அவனிடமிருந்து வேஷத்தைப் பிடுங்கி மெஷின்கன்னைக் கொடுத்தால் கோபம் வராதா?

சரி, அன்றைய கதையை முடித்துவிடுகிறேன். ஜுவல் தீஃப் பாதியில் நின்றது. ஜூனியரின் லேப்டாப்பில் மலைக்கள்ளனைத் தேடிப் போட்டேன். கறுப்பு வெள்ளை என்றதும் முகத்தைச் சுளித்தான். பத்து நிமிஷம் போனை நோண்டினான். அப்துல் ரகீம் வந்து போலீஸ்காரரிடம் பேசும் இடத்தில் தலையைத் தூக்கினான்.

"ஆச்சி, இவருதான் திருடனா?"

"சத்தம் போடாதல, இன்ஸ்பெக்டருக்குக் கேட்டுரும்."

போன் சோபாவில் கிடந்தது. பத்தரை மணிக்கு நாளைக்கு ஸ்கூல் என்று தங்கமணி வந்து லேப்டாப்பை மூடும்வரை மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. மிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்த வாரம் 'ஆசாத்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். திலீப் குமாரா எம்.ஜி.ஆரா என்று வீட்டில் சண்டை நடக்கும், அம்மா எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்கி: செம்பூர்க்காரரே, நாலாயிரம் ரூபாய் ரசீது இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. டீ மட்டும் நன்றாக இருந்தது.